தாய்க் கிரகம் இல்லாதவர்கள்

விஞ்ஞானக் கதைகளைப் படிப்போருக்கு நன்கு பழக்கமான ஓர் இனம் உண்டு. சொந்தக் கிரகத்தை இழந்து விண்வெளியில் அலைந்து திரியும் வேற்றுக் கிரக மக்களே அவ்வினத்தார். எத்தனையோ கதைகளில் எத்தனையோ பெயர்களில் அவர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு அறிவு உண்டு, ஆற்றல் உண்டு, விண்மீனிலிருந்து விண்மீனுக்குச் செல்லும் கலங்கள் உண்டு. காலூன்றி நிற்க ஒரு பிடி மண் மட்டும் இல்லை. பெரும்பாலும் கதை முடியும்வரை அது கிடைப்பதும் இல்லை. இவ்வளவு வல்லமை படைத்தவர்கள் ஏன் வீடற்றவர்களாகவே இருந்துவிடுகிறார்கள்? இக்கேள்வியையே இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கதையில் வரும் கற்பனை மாந்தரைப் பற்றி நமக்கென்ன கவலை என்று நேயர்கள் சிலர் எண்ணலாம். ஆனால் இக்கேள்விக்கு விடை தேட விண்வெளிக்குச் செல்ல வேண்டியதில்லை. தில்லி மாநகரில், தமிழர் பலருக்கும் அறிமுகமான லோதி ரோட்டையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஒருமுறை கண் திறந்து பார்த்தாலே போதும்.

முதலில் கதைகளைப் பார்ப்போம். 1938ஆம் ஆண்டு ஜூன் மாதத் தேதியிட்ட அமெரிக்கச் சித்திரக் கதை இதழ் ஒன்றில் சூப்பர்மேன் என்னும் வீரன் தோன்றினான். அவன் பிறந்த கிரகம் அழியும் வேளையில், பச்சிளம் குழந்தையாகக் கலத்தில் வைத்துப் பூமிக்கு அனுப்பப்பட்டவன் அவன். அக்கிரகத்துக்குப் பின்னர் கிரிப்டான் என்ற பெயர் வந்தது. இக்கதையைப் படைத்த ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இளைஞர் இருவரும் ஐரோப்பாவிலிருந்து கடல் கடந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பங்களில் பிறந்தவர்கள். வீடிழந்தோர் கதை அவர்களுக்கு வெறுங்கற்பனையாக இருந்திருக்க இயலாது.

நம் காலத்துக் கதை மற்றொன்று. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த மாஸ் எஃபெக்ட் என்னும் கணினி விளையாட்டுக் கதையில் குவேரியர் என்றோர் இனத்தார் வருகின்றனர். தாம் படைத்த இயந்திரங்களாலேயே தாய்க் கிரகத்திலிருந்து விரட்டப்பட்டவர்கள் அவர்கள். ஏறத்தாழ 300 ஆண்டுகளாகக் கப்பற் கூட்டத்திலேயே பிறந்து, வாழ்ந்து, மடிகின்றனர். மாசு புகாத கலங்களுக்குள்ளேயே பல தலைமுறை வாழ்ந்தமையால் நோயை எதிர்க்கும் வலிமை அவர்கள் உடலில் குன்றிவிட்டது. கவச உடையின்றி எந்த மண்ணிலும் அவர்களால் உலவ முடிவதில்லை. அவர்களுடைய கிரகமோ அழியவில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிறர் கையில் இருக்கிறது.

இவ்விரண்டு கதைகளும் தாயகத்தை இழக்கும் இரு வேறு வகைகளை நமக்குக் காட்டுகின்றன. தமிழருக்கு இவ்விரண்டும் புதியன அல்ல. பழைய மதுரையையும் கபாடபுரத்தையும் கடல் கொண்டதாக இறையனார் களவியல் உரை கூறுகிறது. அதை வரலாறாகக் கொள்வோரும் உண்டு. மரபாக மட்டும் கொள்வோரும் உண்டு. எவ்வாறாயினும், அது கிரிப்டானின் கதையைப் போன்றது. மண்ணே இல்லாமற் போயிற்று; திரும்பிச் செல்லுதல் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

பாரியின் மக்கள் கதை வேறு வகையைச் சேர்ந்தது. மூவேந்தரும் முற்றுகையிட்ட பறம்பு மலையைக் கடல் கொள்ளவில்லை. பாரி மாண்டபின்னும் மலை அங்கேயே நின்றது. சுனையும் வழக்கம்போல் நீர் சுரந்துகொண்டுதான் இருந்திருக்கும். உரிமை மட்டும் கைமாறிற்று. கபிலர் அப்பெண்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு சிற்றரசர் வாயில்தோறும் சென்றார். கண்ணுக்குத் தெரியும் மலைக்குத் திரும்ப முடியாத துயரம், கடலில் மூழ்கிய நகரை நினைந்து வருந்தும் துயரத்தினும் கொடியது. ஏனெனில் அங்கே நம்பிக்கை சாவதில்லை.

இனி லோதி ரோட்டுக்கு வருவோம். அங்கு நிறுவனங்கள் நிறைந்த பகுதியில் திபெத் இல்லம் என்றொரு கட்டிடம் இருக்கிறது. திபெத்தியரின் கலையையும் சமய நூல்களையும் காப்பதற்காக 1965ஆம் ஆண்டில் தலாய் லாமா தொடங்கிய நிறுவனம் அது. துணியில் தீட்டிய தங்கா ஓவியங்களும், வெண்கலச் சிலைகளும், வழிபாட்டுக் கருவிகளும், சுவடிகளும் அங்கே பேணப்படுகின்றன. தலாய் லாமா 1959ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் இரவு லாசாவை விட்டுப் புறப்பட்டு, அம்மாத இறுதியில் இந்திய எல்லையை வந்தடைந்தார். அவரைத் தொடர்ந்து ஏறத்தாழ 80,000 பேர் வந்தனர். குளிர்ந்த பீடபூமியில் பழகிய உடல்கள் நம் சமவெளியின் வெப்பத்தைத் தாங்காமல் வாடின. நோய்கள் பலரை வாட்டின. இமயமலைச் சாலைகளில் கல்லுடைத்துப் பிழைத்தோர் ஆயிரக்கணக்கானோர். பின்னர் அன்றைய மைசூர் மாநிலம் பைலக்குப்பேயில் நிலம் அளித்தது. அங்கே காட்டைத் திருத்திச் சோளம் விதைத்தார்கள்.

இந்த மக்கள் ஏன் இன்னும் தாயகமற்றவர்களாக இருக்கிறார்கள்? விடையை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதற் காரணம் எளிதில் விளங்குவது. மண்ணை ஆள்பவர் வாயிலைத் திறக்கவில்லை.

இரண்டாவது, இடம் கொடுத்த நாட்டின் சட்டத்தைச் சார்ந்தது. வீடு கொடுப்பது வேறு. குடியுரிமை கொடுப்பது வேறு. அகதிகளைப் பற்றிய 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. திபெத்தியருக்குக் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டிய பதிவுச் சான்றிதழ் ஒன்று தரப்படுகிறது. வெளிநாடு செல்வோருக்குக் கடவுச்சீட்டுக்குப் பதிலாக மஞ்சள் அட்டையிட்ட அடையாளப் புத்தகம் தரப்படுகிறது. நம் குடியுரிமைச் சட்டத்தின்படி 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்வரை இந்திய மண்ணில் பிறந்தோர் பிறப்பால் இந்தியக் குடிமக்களே. இது திபெத்தியருக்கும் பொருந்தும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. ஆயினும் கடவுச்சீட்டுக் கோருவோர் பதிவுச் சான்றிதழைத் திருப்பித் தரவேண்டும், திபெத்தியருக்கென ஒதுக்கிய குடியிருப்பை விட்டு நீங்க வேண்டும் என்ற நிபந்தனைகள் 2017இல் வந்தன.

மூன்றாவது காரணமே நம் சிந்தனைக்கு உரியது. அது அவர்கள் உள்ளத்தைச் சார்ந்தது. உரிமை உண்டு என்று நீதிமன்றம் கூறிய பின்னரும் திபெத்தியர் பலர் இந்தியக் குடியுரிமை கோரவில்லை. வேறொரு நாட்டின் குடிமகனாகிவிட்டால், தாயகத்தின்மீது உள்ள உரிமையைத் தாமே கைவிட்டவர் ஆவோம் என்பது அவர்களில் ஒரு சாரார் கருத்து. கையில் கடவுச்சீட்டு இருப்பதனால் ஒருவன் திபெத்தியனாக இல்லாமற் போய்விடுவானா என்று மறு சாரார் கேட்கின்றனர். இவ்விவாதம் ஒரே குடும்பத்தில் தந்தைக்கும் மகனுக்கும் இடையே நடக்கக்கூடியது. எளிதில் தீராதது, தீர்ப்புச் சொல்லும் உரிமையும் நமக்கு இல்லை. வீடற்றிருப்பது சிலருக்குத் தோல்வியாகத் தோன்றாமல் ஒரு நோன்பாகத் தோன்றலாம் என்பதை மட்டும் நாம் உணர வேண்டும்.

லோதி ரோட்டிலிருந்து தென்கிழக்கே சற்றுத் தொலைவு சென்றால் லஜபத் நகர். 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் குடியேறிய இடம் அது. அந்நாளில் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் தில்லிக்கு வந்து சேர்ந்தனர். லாகூரும் ராவல்பிண்டியும் அழிந்துவிடவில்லை. ஆனால் அங்கே திரும்பி வாழும் வழி அடைபட்டுவிட்டது. இம்மட்டில் அவர்கள் நிலையும் திபெத்தியர் நிலையும் ஒன்றே. எனினும் இன்று லஜபத் நகரில் எவரும் தம்மை அகதி என்று சொல்லிக்கொள்வதில்லை. காரணம் என்ன? பாகிஸ்தானிலிருந்து வந்தோரின் குடியுரிமையை நம் அரசியலமைப்பே தன் 6ஆம் பிரிவில் வகுத்துக் கொடுத்தது. 1954இல் இழப்பீட்டுக்கும் மறுவாழ்வுக்கும் தனிச் சட்டம் வந்தது. ஊரை இழந்தவர்கள் நாட்டைப் பெற்றார்கள். அவர்கள் துயரம் பெரிது. ஆனால் அதற்கு ஓர் எல்லை இருந்தது.

ஊரை இழவாமலே நாட்டை இழந்தவர்களும் உண்டு. அவர்கள் நம் தமிழர்களே. இலங்கையின் மலைநாட்டில் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கிய தமிழர்கள், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆயினர். அன்று காலை கொழுந்து பறிக்கச் சென்ற அதே மலைச்சரிவு. மாலை திரும்பிய அதே லயன் அறை. ஓரடிகூட இடம்பெயராமலே அவர்கள் அயலார் ஆயினர். 1964 அக்டோபர் 30ஆம் நாள், இதே புதுதில்லியில், லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்பாடு கண்டனர். நாடற்றோர் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் பாதி பாதியாகப் பங்கிடப்பட்டனர். அவர்களுடைய விருப்பத்தைக் கேட்டவர் எவரும் இல்லை. இந்தியா வந்தோரில் பலர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பெற்றனர். இலங்கையில் இந்தியர் என்று ஒதுக்கப்பட்டவர்கள், இங்கே சிலோன்காரர் என்று சுட்டப்பட்டனர்.

இக்கதைக்கு ஒரு நல்ல திருப்பமும் உண்டு. 2003ஆம் ஆண்டில் இலங்கை நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் அந்நாட்டில் வாழ்ந்துவந்த நாடற்றோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கியது. எழுத்தினால் பறிபோன நாடு 55 ஆண்டுகளுக்குப் பிறகு எழுத்தினாலேயே திரும்பி வந்தது. நாடின்மை என்பது இயற்கையின் விதியன்று, மனிதர் எடுத்த முடிவு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

மாறாத நிலையும் ஒன்று உண்டு. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர் அரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டின் முகாம்களில் இன்றும் வாழ்கின்றனர். முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே மணந்து, முகாமிலேயே மக்களைப் பெற்றவர்கள் அவர்களில் பலர். 2021இல் அம்முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று தமிழ்நாடு அரசு பெயர் மாற்றியது. புதிய வீடுகளும் கட்டித் தந்தது. குடியுரிமை மட்டும் பெரும்பாலோருக்கு இன்னும் கிட்டவில்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரில் சில சமயத்தாரைப் பற்றியது. இலங்கையிலிருந்து வந்தோர் அதில் அடங்கவில்லை.

இப்போது நம் முதற் கேள்விக்கு விடை கூறலாம். கதாசிரியர்கள் தாய்க் கிரகத்தை ஏன் வெடிக்கச் செய்கிறார்கள்? அது உயிரோடிருந்தால், அதை யார் வைத்திருக்கிறார்கள், ஏன் திருப்பித் தரவில்லை, அயலார் ஏன் வாளாவிருக்கிறார்கள் என்ற சங்கடமான கேள்விகளெல்லாம் எழும். வெடித்துவிட்டாலோ குற்றவாளி எவரும் இல்லை. கண்ணீர் மட்டுமே மிஞ்சும். குவேரியர் கதையை எழுதியவர்கள் இதைவிட நேர்மையானவர்கள். 2012இல் வெளிவந்த மூன்றாம் பாகத்தில், அவ்வினத்தாருக்குத் தாய்க் கிரகம் திரும்பக் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் விளையாடுபவர் எடுக்கும் முடிவைப் பொறுத்தது. மண்ணுலகிலும் அப்படியே. ஒரு மக்கள் ஒருமுறை துரத்தப்படுகிறார்கள். ஆனால் அவர்கள் தாயகமற்றவர்களாக நீடிப்பது, ஒவ்வோர் ஆண்டும் எங்கோ ஓர் அலுவலகத்தில் புதுப்பிக்கப்படும் முடிவினால்தான்.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. தமிழகத்தை விட்டு வந்தோம் என்ற ஏக்கம் நம் பேச்சில் அடிக்கடி தலைகாட்டுகிறது. அந்த ஏக்கம் உண்மையானதே. லோதி எஸ்டேட்டில் தமிழ்ப் பள்ளி நடத்துகிறோம். பிள்ளைகளுக்கு நம் எழுத்தைக் கற்பிக்கிறோம். அருகிலுள்ள திபெத் இல்லமும் இதே பணியைத்தான் செய்கிறது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் கோடை விடுமுறை வந்ததும் நம் பிள்ளைகள் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறிப் பாட்டியின் வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்துகொள்ளலாம். திபெத்தியப் பிள்ளைக்கு அத்தகைய வண்டி எதுவும் இல்லை. நாம் புலம்பெயர்ந்தவர்கள், அவர்கள் நாடிழந்தவர்கள். இவ்வேறுபாட்டை மறந்து, நம் ஏக்கத்தை அவர்கள் துயரத்தோடு ஒப்பிடுவது முறையாகாது.

திரும்பிச் செல்ல ஊர் உள்ளவனுக்கு ஒரு கடமை உண்டு. பக்கத்துத் தெருவில் திபெத்தியர் நடத்தும் கம்பளிக் கடையில் பேரம் பேசும்போதும், விடுமுறைக்கு ஊர் சென்ற இடத்தில் முகாமைக் கடந்து போகும்போதும், அங்கிருப்பவரை வந்தேறி என்று எண்ணாதிருப்பது அக்கடமையின் தொடக்கம். அவர்களுக்காகச் சட்டம் பேசப்படும் நாளில் வாய்மூடி இராதிருப்பது அதன் நிறைவு. கபிலரால் பறம்பு மலையை மீட்டுத் தர இயலவில்லை. ஆயினும் அப்பெண்களைக் கைவிடாமல், அவர்களுக்காக வாயில்தோறும் சென்று பேசினார். நம்மாலும் செய்யக்கூடியது அதுவே.