‘உங்கள் செய்தி அனுப்பப்பட்டது’ – போய்ச் சேர்ந்ததா?

(சிறு தொழில் செய்வோர், சுய உதவிக் குழுவினர், குடியிருப்போர் நலச் சங்கத்தினருக்கான இணையப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாம் பேசப்போவது ஒரு சின்ன விஷயம். உங்கள் இணையதளத்தில் ‘எங்களைத் தொடர்புகொள்ள’ என்று ஒரு பக்கம் இருக்கும். பெயர், கைப்பேசி எண், செய்தி, கீழே ‘அனுப்பு’ என்று ஒரு பொத்தான். அதற்கு எந்த பிளகினைத் தேர்ந்தெடுப்பது? இதுதான் கேள்வி. “இதுக்கு ஒரு உரையா?” என்று நீங்கள் நினைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பு எப்படி மாறியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தென்மாவட்டம் ஒன்றில் பனையோலைப் பெட்டி பின்னுகிற மகளிர் குழு. அவர்களுக்கு வேர்ட்பிரஸில் ஒரு இணையதளம் அமைத்துக் கொடுத்தேன். படங்கள் அழகாக இருந்தன. தொடர்புப் படிவமும் பார்க்க லட்சணமாக இருந்தது. ‘அனுப்பு’ பொத்தானை அழுத்திப் பார்த்தேன். ‘நன்றி, உங்கள் செய்தி அனுப்பப்பட்டது’ என்று பச்சை நிறத்தில் வந்தது. வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டேன்.

சில மாதம் கழித்து ஒரு கண்காட்சியில் அந்தக் குழுவின் கடைக்கு ஒரு பள்ளி ஆசிரியை வந்தார். “ஆண்டு விழாவுக்குப் பரிசுப் பெட்டி வேணும்னு உங்க வெப்சைட்ல ரெண்டு தடவை எழுதினோமே, பதிலே வரலையே. அப்புறம் பிளாஸ்டிக் டப்பாவே வாங்கிட்டோம்” என்றார். குழுத் தலைவி அக்கா என்னைக் கூப்பிட்டுச் சொன்னது ஒரே வரிதான்: “ஆர்டர் போனாப் போகட்டும் தம்பி. கேட்டவங்களுக்குப் பதில் சொல்லாத ஆளுங்கன்னு நம்மள நினைச்சுட்டாங்களே.”

தப்பு என்னுடையது. செய்தி வந்து சேர்கிறதா என்று நான் கடைசி வரை பார்க்கவே இல்லை. அன்றையிலிருந்து ஒரு பாடம்: பச்சை எழுத்தில் வரும் அந்த ஒரு வரி, எழுதியவருக்கு நாம் கொடுக்கிற வாக்கு. அந்த வாக்கைக் காப்பாற்றும் பிளகின்தான் நல்ல பிளகின். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

செய்தி எங்கே தொலைகிறது?

வேர்ட்பிரஸ் என்பது இணையதளம் அமைக்க உதவும் இலவச மென்பொருள், 2003-இல் வெளிவந்தது. அதோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள்தான் பிளகின். தமிழில் செருகுநிரல் என்கிறோம். தொடர்புப் படிவம் வேர்ட்பிரஸோடு தானாக வராது. ஒரு பிளகின் மூலம்தான் பெரும்பாலும் சேர்க்கிறோம்.

ஒருவர் ‘அனுப்பு’ என்று அழுத்தியதும், பிளகின் அந்தச் செய்தியை மின்னஞ்சலாக மாற்றி, உங்கள் தளம் இருக்கும் சர்வரிடம் கொடுக்கிறது. சர்வர் வாங்கிக்கொண்டதுமே பச்சை வரி வந்துவிடும். கவனியுங்கள், சர்வர் வாங்கிக்கொண்டது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. உங்கள் இன்பாக்ஸுக்கு வந்தது என்பதற்கு அல்ல.

நான் செய்த தவறு இன்னொன்றும் உண்டு. ‘அனுப்புநர்’ என்ற இடத்தில், படிவத்தை நிரப்பியவரின் ஜிமெயில் முகவரியே வரும்படி அமைத்துவிட்டேன். பதில் எழுத வசதி என்று நினைத்தேன். ஆனால் ஜிமெயில் என்ன பார்க்கும்? ‘என் முகவரியின் பெயரைச் சொல்லிக்கொண்டு, எனக்குத் தொடர்பே இல்லாத ஒரு சர்வர் கடிதம் அனுப்புகிறதே’ என்று சந்தேகப்படும். அடுத்தவர் கையெழுத்தைப் போட்டு வந்த கடிதம் மாதிரி. ஸ்பேமில் தள்ளும், அல்லது வாசலிலேயே திருப்பிவிடும்.

சரியான முறை இது. அனுப்புநர் முகவரி உங்கள் சொந்த டொமைனில் இருக்கட்டும். ‘பதில் முகவரி’ என்ற இடத்தில் மட்டும் எழுதியவரின் மின்னஞ்சல் வரட்டும். கூடவே ஒரு எஸ்எம்டிபி பிளகின் போட்டு, முறையான மின்னஞ்சல் கணக்கு வழியாக அனுப்புங்கள். ‘டபிள்யூபி மெயில் எஸ்எம்டிபி’, ‘ஃப்ளூயன்ட் எஸ்எம்டிபி’ இரண்டுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. உங்கள் டொமைனுக்கு ‘எஸ்பிஎஃப்’, ‘டிகேஐஎம்’ பதிவுகளைச் சேர்த்துத் தரச் சொல்லி ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேளுங்கள். ‘இந்தச் சர்வர் என் பெயரில் கடிதம் அனுப்பலாம்’ என்று நீங்கள் ஊரறியச் சொல்லும் அடையாளம் அது.

மின்னஞ்சல் தவறினால் பிரதி இருக்கிறதா?

பிளகின் தேர்வில் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வியே இதுதான். மின்னஞ்சல் எப்போதாவது தவறும். அப்போது செய்தியின் பிரதி உங்கள் தளத்திலேயே சேமிக்கப்பட்டிருந்தால் பிழைத்தோம்.

அதிகம் பேர் பயன்படுத்தும் சில பிளகின்களை இந்தக் கண்ணோடு பார்ப்போம்.

‘காண்டாக்ட் ஃபார்ம் 7’: ஜப்பானைச் சேர்ந்த தகாயுகி மியோஷி உருவாக்கியது. 2007-இலிருந்து இருக்கிறது, 50 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இயங்குகிறது. முழுக்க இலவசம். ஆனால் படிவத்தைச் சிறு குறிச்சொற்களாக எழுதி அமைக்க வேண்டும். புதியவர்களுக்கு முதலில் கொஞ்சம் தயக்கமாக இருக்கும். முக்கியமான விஷயம், தானாக இது எந்தச் செய்தியையும் சேமிக்காது. அதே ஆசிரியர் செய்த ‘ஃபிளமிங்கோ’ என்ற பிளகினையும் சேர்த்தால்தான் பிரதி கிடைக்கும். இதைச் சேர்க்காமல் விட்டதால்தான் அந்த ஆசிரியையின் இரண்டு கடிதங்களும் தடமே இல்லாமல் போயின.

‘டபிள்யூபி ஃபார்ம்ஸ்’: பெட்டிகளை இழுத்து வைத்தே படிவம் செய்யலாம். மிகவும் எளிது. ஆனால் வந்த செய்திகளைத் தளத்துக்குள் திறந்து பார்க்கும் வசதி கட்டணப் பதிப்பில்தான். இலவசப் பதிப்பை எடுத்தால் மின்னஞ்சலை நம்பியே இருக்க வேண்டும்.

‘நிஞ்ஜா ஃபார்ம்ஸ்’, ‘ஃப்ளூயன்ட் ஃபார்ம்ஸ்’: இவற்றிலும் இழுத்து வைத்து அமைக்கலாம். இலவசப் பதிப்பிலேயே செய்திகள் சேமிக்கப்படும்.

‘கிராவிட்டி ஃபார்ம்ஸ்’: வசதிகள் நிறைய, இலவசப் பதிப்பு கிடையாது. பெயர், எண், செய்தி மட்டும் வாங்கும் சிறிய தளத்துக்கு இது தேவைப்படாது.

“எதை எடுக்கட்டும், ஒரே வார்த்தையில சொல்லுங்க” என்று கேட்பீர்கள். குறிச்சொல் எழுதத் தயங்குகிற, செலவு செய்ய விரும்பாத சிறு குழு என்றால், இலவசமாகச் சேமிக்கும் ஒன்றை எடுங்கள். தொழில்நுட்பம் தெரிந்த ஒருவர் கூட இருக்கிறார் என்றால் காண்டாக்ட் ஃபார்ம் 7-உம் ஃபிளமிங்கோவும் போதும்.

எவ்வளவு கேட்கிறீர்கள்?

ஒரு படிவத்தில் ‘முதல் பெயர்’, ‘கடைசிப் பெயர்’ என்று இரண்டு பெட்டி, இரண்டும் கட்டாயம். நம் ஊர்ப் பாட்டி என்ன செய்வார்? நமக்கு ஒரு பெயரும் ஒரு தலைப்பெழுத்தும்தானே! பல பிளகின்களின் மாதிரிப் படிவம் வெளிநாட்டுப் பழக்கப்படி இப்படித்தான் வரும். அதை மாற்றி ‘பெயர்’ என்று ஒரே பெட்டி வையுங்கள். மின்னஞ்சலையும் கட்டாயமாக்காதீர்கள். கைப்பேசி எண் மட்டும் வைத்திருப்பவரும் உங்கள் வாடிக்கையாளர்தான்.

எண் கேட்கும் பெட்டியைத் தொலைபேசி வகையாகவே அமையுங்கள். தொட்டவுடன் கைப்பேசியில் எண் பலகை திறக்கும். இதைக் கவனித்தாலே பெரியவர்களுக்குப் பாதிச் சிரமம் குறையும்.

இன்னொரு பழக்கம் இருக்கிறது, ‘எதுக்கும் கேட்டு வைப்போம்’ என்று பிறந்த தேதி, முழு முகவரி, ஆதார் எண் வரை கேட்பது. தயவுசெய்து வேண்டாம். ஓலைப்பெட்டி விலை கேட்க வந்தவரிடம் ஆதார் எதற்கு? 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் சாரமும் இதுதான்: எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லி, சம்மதம் பெற்று, தேவையானதை மட்டும் வாங்கி, காரியம் முடிந்ததும் அழித்துவிட வேண்டும். தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அந்தச் சட்டத்தில் இடமுண்டு.

ஆகவே பெட்டிகளுக்குக் கீழே எளிய தமிழில் ஒரு வரி எழுதுங்கள்: ‘உங்கள் எண்ணை இந்த விசாரணைக்குப் பதில் சொல்ல மட்டுமே பயன்படுத்துவோம்.’ எழுதியபடி நடந்துகொள்ளுங்கள். பழைய செய்திகளை அவ்வப்போது நீக்குங்கள். கேட்காத தகவல் திருடுபோகாது.

குப்பையும் பூட்டும்

படிவம் வைத்த கொஞ்ச நாளில் குப்பைச் செய்திகள் வர ஆரம்பிக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றைத் தானியங்கி நிரல்கள்தான் அனுப்புகின்றன. ‘போக்குவரத்து விளக்குள்ள படங்களைத் தொடுங்கள்’ என்ற புதிர் உங்களுக்குத் தெரியும். கண் மங்கிய பெரியவர்களுக்கு அது தண்டனை. முதலில் ‘ஹனிபாட்’ வசதி இருக்கிறதா என்று பாருங்கள். மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியைப் படிவத்தில் ஒளித்து வைப்பார்கள். தானியங்கி நிரல் அதையும் நிரப்பி மாட்டிக்கொள்ளும். அது போதாவிட்டால் ‘டர்ன்ஸ்டைல்’ போன்ற சோதனையைச் சேர்க்கலாம். பெரும்பாலும் படப்புதிர் காட்டாமலே வேலை செய்யும்.

அடுத்தது பாதுகாப்பு. பிரபலமான பிளகின் என்பதாலேயே ஓட்டை இருக்காது என்று நம்பாதீர்கள். 2020 டிசம்பரில் காண்டாக்ட் ஃபார்ம் 7-இல் கோப்பு பதிவேற்றும் இடத்தில் ஒரு பாதுகாப்புக் குறை தெரியவந்தது, 5.3.2 பதிப்பில் சரிசெய்தார்கள். 2022 ஜூனில் நிஞ்ஜா ஃபார்ம்ஸில் ஒரு பெரிய குறை கண்டுபிடிக்கப்பட்டு, பல தளங்களுக்குக் கட்டாயமாகவே புதிய பதிப்பு அனுப்பப்பட்டது. இதில் பயப்பட ஒன்றுமில்லை. குறை வருவது இயல்பு. உடனே சரிசெய்ய ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

எனவே நிறுவும் முன் பிளகின் பக்கத்தில் பாருங்கள். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள்? இப்போதுள்ள வேர்ட்பிரஸ் பதிப்போடு சோதித்திருக்கிறார்களா? உதவி கேட்டவர்களுக்குப் பதில் கிடைத்திருக்கிறதா? நிறுவிய பிறகு தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கி வையுங்கள். 2020-இல் வந்த வேர்ட்பிரஸ் 5.5-இலிருந்து அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. வாடிக்கையாளர் கோப்பு அனுப்பத் தேவையில்லை என்றால், கோப்பு இணைக்கும் பெட்டியே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. கட்டண பிளகினை ‘இலவசமாகத் தருகிறேன்’ என்று டெலிகிராமில் யாராவது கோப்பு அனுப்பினால் தொடாதீர்கள். வீட்டுச் சாவியை வழிப்போக்கரிடம் கொடுக்கிற மாதிரி அது.

நிரப்புகிற நீங்கள்

இணையதளம் இல்லாதவர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கும் ஒரு வார்த்தை. எந்தத் தொடர்புப் படிவத்திலும் ஓடிபி, வங்கி கடவுச்சொல், கார்டு எண் எழுதவே எழுதாதீர்கள். அனுப்பியதும் பச்சை வரியோடு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அரசுத் துறை என்று சொல்லும் தளத்தின் முகவரியைப் படித்துப் பாருங்கள். தமிழ்நாடு அரசுத் தளங்கள் பெரும்பாலும் ‘டிஎன் டாட் கவ் டாட் இன்’ என்றுதான் முடியும். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

இன்று மாலையே ஒரு சோதனை

வீட்டுக்குப் போனதும் இதைச் செய்யுங்கள். உங்கள் கைப்பேசியில் வேண்டாம். வீட்டில் வேறொருவரின் கைப்பேசியில் உங்கள் தளத்தைத் திறக்கச் சொல்லுங்கள். தமிழிலேயே ஒரு செய்தி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பிறகு நான்கு விஷயம் பாருங்கள். மின்னஞ்சல் இன்பாக்ஸுக்கு வந்ததா, ஸ்பேமுக்குப் போனதா? தமிழ் எழுத்து கேள்விக்குறிகளாக மாறாமல் இருக்கிறதா? ‘பதில்’ அழுத்தினால் எழுதியவருக்குப் போகிறதா? தளத்தில் பிரதி இருக்கிறதா? மாதம் ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள். பிளகின் புதுப்பித்த நாளிலும் செய்யுங்கள். ஐந்து நிமிடம் ஆகுமா?

கடைசியாக ஒன்று. எந்த பிளகினாலும் பதில் எழுத முடியாது. வந்த செய்தியை யார் பார்ப்பது, எத்தனை நாளுக்குள் பதில் சொல்வது என்று உங்கள் குழுவில் ஒருவர் பெயரை இன்றே முடிவு செய்யுங்கள்.

அந்தப் பனையோலைக் குழுவின் படிவத்தை இப்போது மாற்றிவிட்டோம். பெயர், எண், செய்தி என்று மூன்றே பெட்டி. தினமும் காலையில் அக்காவே பிரதிகளைத் திறந்து பார்க்கிறார். அந்த ஆசிரியைக்கும் போன் செய்து, “உங்க கடிதம் எங்களுக்கு வந்து சேரல டீச்சர், மன்னிச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டார். அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கு நிம்மதி.

எனக்கும்தான்.