செஞ்சிப் பாறையில் வெயில் காயும் ஓணான்



செஞ்சிக் கோட்டைக்குப் போய்வந்தவர்களைக் கேட்டால் ராஜகிரியைச் சொல்வார்கள், கல்யாண மகாலைச் சொல்வார்கள், தேசிங்கு ராஜன் கதையைச் சொல்வார்கள். 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இந்தக் கோட்டை சேர்ந்துவிட்டது. ஆண்ட அரசர்கள் போய்விட்டார்கள். ஆனால் அங்கே இன்றும் குடியிருப்பவர்கள் உண்டு. பகலில் இரைதேடி இரவில் உறங்கும் விலங்குகளைத்தான் சொல்கிறேன். குரங்கு, அணில், மயில் என்று பட்டியல் நீளும். இருக்கிற நேரத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைப் பற்றிப் பேசுகிறேன்: பாறை ஓணான்.

விலங்கியல் ஆசிரியன் என்பதால் மாணவர்களைக் காலையிலேயே மலைக்கு அழைத்துப் போவேன். அந்த நேரத்தில் ஓணான் பாறையோடு பாறையாக ஒட்டிப் படுத்திருக்கும். கிட்டே போனாலும் சட்டென்று ஓடாது. நமக்கு உடம்புச் சூடு சாப்பாட்டிலிருந்து வருகிறது. அதற்கு வெயிலிலிருந்துதான் வர வேண்டும். உடம்பு சூடேறினால்தான் எறும்பையும் பூச்சியையும் துரத்திப் பிடிக்கக் கால் ஓடும். அதே வெயில் உச்சிக்கு ஏறியதும் பாறை தகிக்கும். மாணவர்களைப் பாறையில் உள்ளங்கை வைத்துப் பார்க்கச் சொல்வேன், உடனே எடுத்துவிடுவார்கள். அப்போது ஓணானும் பாறை இடுக்குக்குள் நிழல் தேடிப் போய்விடும்.

கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா? இனிமேல்தான் அழகான விஷயம்.

பெண் ஓணான் பாறையின் பழுப்பு நிறத்திலேயே இருக்கும். ஆணுக்கு இனப்பெருக்க காலம் வந்தால் முதுகு செக்கச்செவேல் என்றாகும், விலாப்புறம் கருத்துவிடும். உயரமான பாறையில் ஏறி நின்று தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் இந்த நிறமாற்றத்தை ஆராய்ந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெண்ணைக் கண்டால் முதுகு சிவப்பு, விலா கறுப்பு. இன்னொரு ஆணைக் கண்டால் முதுகு மஞ்சள், விலா ஆரஞ்சு. போட்டியின்போது நிறம் விரைவாக மாறுகிறது. பெண்ணின் முன்னாலோ எடுப்பாகத் தெரிகிறது. ஒரே தோல், ஆளுக்கேற்ற பேச்சு!

இதை நான் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "சார், ராத்திரியில இந்த நிறம் யாருக்குத் தெரியும்?" அந்தக் கேள்வியிலேயே இன்றைய பேச்சு முழுவதும் அடங்கியிருக்கிறது. நிறத்தால் பேசும் உயிருக்கு வெளிச்சம் வேண்டும். அதன் கண்ணும் வெளிச்சத்தில் நிறம் பிரித்துப் பார்ப்பதற்கென்றே அமைந்தது. போதாதென்று உச்சந்தலையில் ஒளியை உணரும் சின்னஞ்சிறு உறுப்பும் இருக்கிறது; உருவம் அதற்குத் தெரியாது, வெளிச்சமும் இருட்டும் தெரியும்.

வீட்டில் குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் இதையும் கேட்கச் சொல்லுங்கள். ராமருக்கு அணில் உதவியது, ஓணான் அவமதித்தது என்று ஒரு கதை கிராமங்களில் உண்டு. அதைச் சொல்லியே ஓணானைக் கல்லால் அடிப்பார்கள், ஈர்க்கில் சுருக்குப் போட்டுப் பிடிப்பார்கள். என் வகுப்பிலும் அப்படி அடித்துப் பழகிய ஒரு பையன் இருந்தான். தலையாட்டும் ஆண் ஓணானை ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார்த்தான். அதன்பிறகு தம்பிமார் கல்லெடுத்தால் தடுப்பவன் அவன்தான்.

நேரமாகிவிட்டது. உடம்புச் சூட்டுக்கும் வெயில், பேசும் நிறத்துக்கும் வெயில் என்று வாழ்கிற உயிர் இந்த ஓணான். அடுத்த முறை செஞ்சிக்குப் போகும்போது வெயில் ஏறுமுன்னே படியேறுங்கள், வழியில் ஒரு பாறையோரம் சற்றே நில்லுங்கள். கோட்டையின் வரலாற்றோடு இந்தக் குடிகளின் கதையையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வீர்கள் என்று நம்புகிறேன்.