கசிவை அறிவிக்கும் கேபிள்

3 நாள் விடுமுறை கழிந்து அலுவலகம் திறந்த ஒரு காலையில், பதிவேட்டறையின் தரையில் தண்ணீர் தேங்கி நிற்கக் கண்டோம். குளிர்சாதனக் கருவியிலிருந்து நீர் வடியும் குழாய் அடைபட்டிருந்தது. கீழ்த்தட்டிலிருந்த பணிப் பதிவேடுகள் நனைந்து மை பரவிவிட்டது. நனைந்த தாளில் 48 மணி நேரத்திற்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். ஓய்வு பெறவிருந்த ஊழியர் ஒருவரின் 30 ஆண்டுப் பணிக்கு அவ்வேடே சான்று. தாள் தாளாக உலர்த்தி, ஒப்புநோக்கி, அதை மீண்டும் எழுதி முடிக்கும்வரை அவருடைய ஓய்வூதியம் காத்திருந்தது.

இத்தகைய இழப்பைத் தவிர்க்க, கசிவை அறிவிக்கும் கேபிள் ஒன்று உண்டு. அதில் உணர்கம்பிகள் இரண்டு ஒன்றையொன்று தொடாமல் நெடுகச் செல்கின்றன. குழாய் நீரில் உப்புகள் கரைந்திருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே நீர் பட்ட இடத்தில் இரு கம்பிகளும் இணைப்புறுகின்றன. சுவரிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி உடனே மணி ஒலிக்கிறது. சிலவகைப் பெட்டிகள் மின்தடையை அளந்து, கசிவு எத்தனையாவது மீட்டரில் உள்ளதென்பதையும் காட்டும்.

இதனை அமைக்குமுன், தரையில் சிறிது நீரை ஊற்றி, அது எப்பக்கம் ஓடுகிறதென்று பார்த்தல் வேண்டும். பின்னர் தரையை உலர்த்தித் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் நீக்குக. இவை இருப்பின் மணி வீணே ஒலிக்கும். குழாய்களின் கீழும், குளிர்சாதனத்தைச் சுற்றியும், தரை தாழ்ந்த இடத்திலும் கேபிளை இட்டுக் கவ்விகளால் பொருத்துக. வெற்று உலோகத்தின்மேல் அது கிடத்தலாகாது. கேபிளின் கடைமுனையில் அதற்குரிய மூடியைப் பொருத்துதல் இன்றியமையாதது; கேபிள் இடையில் அறுந்தால் பெட்டி அறிவது அதனால்தான். இறுதியில் ஈரத்துணியை வைத்துச் சோதித்து, கேபிள் செல்லும் வழியை மீட்டர்க் கணக்குடன் வரைந்து பெட்டியருகே ஒட்டுக. சில மாதங்களுக்கு ஒருமுறை இச்சோதனையைத் திரும்பச் செய்க.

வெளிமாநிலங்களில் வாழும் நாம் அரும்பாடுபட்டுச் சேர்த்த சங்க நூலகங்கள் பலவிடங்களில் கீழ்த்தளத்தில் இருக்கின்றன. அங்கே அழிந்த தமிழ் நூலுக்கு மறுபடி கிடைப்பது எளிதன்று. பொங்கலுக்கு நாம் ஊர் சென்றிருக்கும்போது மணி ஒலித்தால் கேட்பவர் காவலாளி ஒருவரே. எனவே குழாயை அடைக்கும் வால்வு எங்குள்ளது, யாரைத் தொலைபேசியில் அழைப்பது என்னும் இரண்டையும் அவருக்கு விளங்கும் மொழியில் எழுதி அப்பெட்டியின்மேல் ஒட்டிவிட்டுப் புறப்படுவோமாக.