பிளாஸ்டிக்கில் மின்சாரம் போகும் வழி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பிளாஸ்டிக்ல எப்படி சார் கரண்ட் போகும்? ஷாக் அடிக்கக் கூடாதுன்னுதானே வயருக்கு மேல அதைப் போடுறோம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வயர் மேலுள்ள பிளாஸ்டிக்கில் எலக்ட்ரான்கள் பிணைப்புகளுக்குள் கட்டுண்டு கிடக்கின்றன. ஆனால் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் பாலிமர்களின் கதை வேறு. அத்தகைய பாலி அசெட்டிலீன் படலத்தில் அயோடினைச் சேர்த்ததும் அதன் கடத்துதிறன் சுமார் ஒரு கோடி மடங்கு உயர்ந்தது. ஷிராகாவா, மக்டியார்மிட், ஹீகர் ஆகிய மூவரும் 1977-இல் இதை வெளியிட்டார்கள். 2000-இல் வேதியியல் நோபல் பரிசும் பெற்றார்கள்.

அயோடின் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்கிறது. சங்கிலியில் ஒரு நேர் மின்னூட்டம் மிஞ்சுகிறது. அது நகர்ந்தால் மின்சாரம். அவ்வளவுதானா? இல்லை. சிக்கலே இனிமேல்தான்.

பாலிமர் படலத்தை ஒரு தட்டு இடியாப்பமாக நினைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் இழைகள் ஒழுங்காக அடுக்கியிருக்கும். மற்ற இடங்களில் ஒரே சிக்கல். மின்னூட்டம் ஓர் இழைக்குள் வேகமாக ஓடும். இழை முடிந்தாலோ முறுக்கிக்கொண்டாலோ பக்கத்து இழைக்குத் தாவ வேண்டும். தாவுவதற்கு வெப்பம் கைகொடுக்கிறது. செம்புக்கம்பியைச் சூடாக்கினால் மின்தடை கூடுகிறது; ஆனால் இத்தகைய படலங்கள் பெரும்பாலானவற்றில் சூடேறினால் மின்னூட்டம் எளிதாக நகர்கிறது. அந்த எளிமையை 'மொபிலிட்டி' என்ற எண்ணால் சொல்கிறோம். அறை வெப்பநிலையில் தூய சிலிக்கானில் எலக்ட்ரானுக்கு அது சுமார் 1400. எல்லோரும் அதிகம் ஆராய்ந்த P3HT என்னும் பாலிமரில் நல்ல படலத்திலேயே 0.1 அளவுதான்.

அப்படியானால் படலத்தை முடிந்தவரை ஒழுங்காக்கினால் போதுமே என்று தோன்றும். 2003-இல் வெளியான ஓர் ஆய்வு அதை மறுத்தது. குட்டையான P3HT சங்கிலிகள் நன்றாகப் படிகமாயின. ஆனால் மொபிலிட்டி மிகக் குறைவு. நீளமான சங்கிலிகளில் ஒழுங்கு குறைவு; மொபிலிட்டியோ ஆயிரம் மடங்குக்கும் மேல். காரணம், ஓர் ஒழுங்கான பகுதியிலிருந்து அடுத்த பகுதிவரை நீண்ட இழை பாலம் போடுகிறது. ஊருக்குள் தார்ச்சாலை பளபளவென்று இருந்து என்ன பயன், அடுத்த ஊருக்குப் பாதை இல்லாவிட்டால்?

தம்பி தங்கைகளே, உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். இந்த மொபிலிட்டியை யாரும் நேராகப் பார்ப்பதில்லை. டிரான்சிஸ்டர் செய்து, மின்னழுத்தத்தை மாற்றி, மின்னோட்ட வரைபடத்தின் சரிவிலிருந்து கணக்கிடுகிறோம். வரைபடம் நேர்க்கோடாக இருந்தால்தான் அந்தச் சூத்திரம் செல்லும். உலோக முனையில் மின்னூட்டம் நுழையவே சிரமப்பட்டு, பிறகு திடீரென்று வழி திறந்தால், கோடு ஓரிடத்தில் செங்குத்தாக எழும்பி, பிறகு வளைந்துவிடும். அந்தச் செங்குத்தான இடத்தில் சரிவை எடுத்தால் பெரிய எண் கிடைக்கும்; ஆனால் அது பாலிமரின் குணம் அல்ல. இப்படிப் பத்து மடங்கு அளவுக்குக்கூட மிகை வரலாம் என்று 2016-இல் எடுத்துக்காட்டினார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. சூத்திரம் பொருந்தாத இடத்தில் அதைப் போட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த எண்ணை நம்பி அதே பாலிமரைச் செய்ய இன்னொரு மாணவர் இரண்டு மூன்று வருடம் செலவழித்தால், அந்த வருடங்களை யார் திருப்பித் தருவது?

ஆகவே எண்ணைத் தரும்போது வரைபடத்தையும் முழுசாகக் கொடுங்கள். இன்று ஆய்வு வழிகாட்டிகளாக இருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மாணவர் எண்ணோடு வந்தால், "முதல்ல கிராஃபைக் காட்டுப்பா" என்று கேளுங்கள்.