குச்சியைத் திருப்ப எவ்வளவு இடம் வேண்டும்?

(ஓரிக்கையில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் கணித ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் வகுப்பறையில் நான் செய்த ஒரு தவறிலிருந்து இந்த உரையைத் தொடங்குகிறேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பில் வட்டத்தின் பரப்பளவு நடத்திக்கொண்டிருந்தேன். 10 செ.மீ. குச்சி ஒன்றை மேசைமேல் வைத்து, நடுவில் விரலால் அழுத்தி, ஒரு சுற்று சுற்றிக் காட்டினேன். "இது திரும்ப ஒரு வட்டம் இடம் வேண்டும். பரப்பு 78.5 ச.செ.மீ." என்றேன்.

நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், அவ்வளவு இடம் எதுக்கு? எங்க தெருவுல வேன் திருப்பறவங்க முன்ன போய், பின்ன வந்து, மறுபடி முன்ன போய் திருப்பிடுவாங்க. குச்சியையும் அப்படித் திருப்பினா இடம் கம்மியாகாதா?"

எனக்கு விடை தெரியவில்லை. பாடம் முடிக்கும் அவசரம் வேறு. "அதெல்லாம் பரீட்சைக்கு வராதும்மா, உட்காரு" என்றேன். அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கேட்டதை 1917-இல் சோய்ச்சி காகேயா என்ற ஜப்பானியக் கணித அறிஞர் கேட்டிருக்கிறார் என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். ஒரு குச்சியை முழுமையாகத் திருப்பத் தேவையான மிகக் குறைந்த பரப்பு எவ்வளவு? நம் 10 செ.மீ. குச்சிக்கே கணக்குப் பார்ப்போம். வட்டம் என்றால் 78.5 ச.செ.மீ. உயரம் 10 செ.மீ. உள்ள சமபக்க முக்கோணத்துக்குள்ளேயே திருப்பிவிடலாம், பரப்பு 57.7. பக்கங்கள் உள்நோக்கி வளைந்து, மூன்று கூர்முனைகளோடு இருக்கும் ஒரு வடிவத்துக்குள் முன்னும் பின்னும் நகர்த்தித் திருப்பினால் 39.3 போதும். அதாவது வட்டத்தில் சரிபாதி. அந்தப் பெண் சொன்ன வேன் கணக்கு இதுதான்.

இதற்கும் கீழே போக முடியாது என்று பலர் நினைத்தார்கள். ரஷ்யாவில் பெசிகோவிச் என்பவர் வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோது, எல்லாத் திசைகளிலும் ஓரலகு நீளக் கோடுகளைக் கொண்டிருந்தும் பரப்பே இல்லாத ஒரு வடிவத்தைக் கண்டுபிடித்திருந்தார். அதை வைத்து 1928-இல், எவ்வளவு சிறிய பரப்பைச் சொன்னாலும் அதற்குள் குச்சியைத் திருப்பிவிடலாம் என்று நிறுவினார். கீழ் எல்லை என்று ஒன்று கிடையாது.

இது தடிமனே இல்லாத கோட்டுக்கான கணக்கு. நிஜக் குச்சிக்குத் தடிமன் உண்டு. அங்கிருந்துதான் இன்றைய ஆராய்ச்சி தொடங்குகிறது. வகுப்பில் செய்து பார்க்க வேண்டிய பகுதியும் இதுதான்.

10 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலத்தில் 18 காகிதப் பட்டைகளை வெட்டிக்கொள்ளுங்கள். பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் 180 ச.செ.மீ. இடம் பிடிக்கும். இப்போது எல்லாப் பட்டைகளின் நடுப்புள்ளியிலும் ஒரே குண்டூசியைக் குத்தி, 10 டிகிரிக்கு ஒன்றாக விசிறிபோல் விரியுங்கள். பிடிக்கும் இடம் ஏறத்தாழ 79-ஆக இறங்கிவிடும். மீதி 101 எங்கே போயிற்று என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததில் போயிற்று.

இரண்டு பட்டைகள் குறுக்கிடும் இடம் ஒரு சாய்சதுரம். அகலத்தின் வர்க்கத்தை, இடையே உள்ள கோணத்தின் சைன் மதிப்பால் வகுத்தால் அதன் பரப்பு கிடைக்கும். ஒன்பதாம் வகுப்பு முக்கோணவியலே போதும். 90 டிகிரியில் 1 ச.செ.மீ., 30 டிகிரியில் 2, 15 டிகிரியில் ஏறத்தாழ 4. கோணம் குறையக் குறைய ஒட்டுதல் கூடும்.

நம் பிள்ளைகளுக்குத் தறி தெரியும். தறியில் பாவு ஒரு திசை, ஊடை ஒரு திசை. இரண்டும் செங்குத்தாகக் குறுக்கிடுவதால் ஒவ்வொரு சந்திப்பிலும் ஒட்டுதல் மிகக் குறைவு. "எல்லாத் திசையிலும் ஒவ்வொரு இழை ஓடினால் என்ன ஆகும்?" என்று கேட்டால் காகேயா கணக்குக்கு வந்துவிடுவார்கள்.

நிறைய ஒட்ட வேண்டுமானால் கோணம் சிறியதாக இருக்க வேண்டும். ஆனால் பட்டைகள் எல்லாத் திசைகளையும் பார்த்தாக வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் ஒரு பட்டைக்கு மிக நெருங்கிய கோணத்தில் இருப்பவை சிலவே. மற்றவை விலகித்தான் நிற்கும். ஆகவே பட்டைகளை மெல்லியதாக்கிக்கொண்டே போனாலும், எவ்வளவு சாமர்த்தியமாக அடுக்கினாலும், அவை பிடிக்கும் இடம் மிக மெதுவாகத்தான் குறையும். தளத்தில் இது 1971-இலேயே ராய் டேவிஸ் என்பவரால் தீர்ந்துவிட்டது.

அடுத்தது வெளி, அதாவது முப்பரிமாணம். இங்கே பட்டைக்குப் பதில் மெல்லிய குழாய்; ஈர்க்குச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளத்தில் நூறில் ஒரு பங்கு தடிமன் என்றால், எல்லாத் திசைகளையும் பார்க்கப் பத்தாயிரம் என்ற அளவில் ஈர்க்குச்சிகள் வேண்டும். இரண்டு குச்சிகள் சந்திக்கும் இடத்தைக் கணக்கிடுவது இங்கும் எளிதுதான். ஆனால் ஆயிரக்கணக்கான குச்சிகள் கூட்டுச் சேர்ந்து, சில தளங்களிலோ வளைந்த பரப்புகளிலோ நெருக்கமாகப் படுத்துக்கொண்டு இடத்தை வெகுவாக மிச்சப்படுத்திவிடுமோ என்ற ஐயத்தைத் தீர்ப்பது கடினம். இரண்டிரண்டாகப் பார்க்கும் கணக்கு அதற்குப் போதாது. 1995-இல் தாமஸ் வுல்ஃப் ஓர் எல்லைவரை கொண்டுவந்தார். அதைச் சிறிதளவு தாண்டவே பெரிய அறிஞர்கள் பல ஆண்டுகள் உழைத்தார்கள். 2025 பிப்ரவரியில் ஹாங் வாங், ஜோஷுவா சால் என்ற இருவர் 127 பக்கங்களில் முப்பரிமாணத்துக்கான நிறுவலை வெளியிட்டார்கள். குழாய்களால் அப்படி ஏமாற்ற முடியாது என்பதே முடிவு. ஹாங் வாங் சீனாவில் பிறந்த பெண். பல்கலைக்கழகத்தில் முதலில் புவி அறிவியலில் சேர்ந்து, பிறகு கணிதத்துக்கு மாறியவர்.

ஓர் இடத்தைக் குறிக்க மூன்று எண்களுக்குப் பதில் நான்கு எண்கள் தேவைப்பட்டால் அது நாற்பரிமாணம். அங்கும் அதற்கு மேலும் விடை இன்னும் கிடைக்கவில்லை.

இதனால் என்ன பயன் என்று கேட்பார்கள். ஒலியையோ ஒளியையோ எளிய அலைகளாகப் பிரித்து மறுபடி கூட்டும்போது, அலைகள் மெல்லிய குழாய்கள்போலப் பல திசைகளில் ஓடுகின்றன. அவை ஓரிடத்தில் எவ்வளவு குவியலாம் என்பதும் இதே கேள்விதான். இயல்பாகத் தோன்றிய ஒரு கூட்டல் முறை இரண்டும் அதற்கு மேலும் பரிமாணமுள்ள இடங்களில் பொய்த்துப்போகும் என்று 1971-இல் சார்லஸ் ஃபெஃபர்மன் காட்டியது பெசிகோவிச்சின் வடிவத்தை வைத்துத்தான். முடிவிலாத் தொடர்களைக் கூட்டும் முறைகளைப் பற்றி 1952-இல் நூல் எழுதிய மீனாட்சிசுந்தரமும் கே. சந்திரசேகரனும் சென்னைக் கல்லூரிகளில் படித்தவர்கள். இந்தக் கணிதம் நமக்கு அந்நியமானதன்று.

சென்ற ஆண்டு அந்தப் பெண்ணைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். தொழிற்சாலை வேனுக்காகக் காத்திருந்தாள். "நீ அன்னைக்குச் சொன்னதுதாம்மா சரி. நான் சொன்னது தப்பு. பெரிய பெரிய கணக்கு மேதைங்க நூறு வருஷமா அதைத்தான் யோசிச்சிருக்காங்க" என்றேன். சிரித்தாள். "என்ன கேட்டேன்னு ஞாபகம் இல்ல டீச்சர். நீங்க உட்காருன்னு சொன்னது ஞாபகம் இருக்கு" என்றாள். அவளிடம் வருத்தம் இல்லை. எனக்குத்தான் அன்று வகுப்புக்குப் போகக் கால் வரவில்லை.

இப்போது என் வகுப்பில் ஒரு நோட்டு தொங்குகிறது. எனக்கு விடை தெரியாத கேள்விகளை, கேட்ட பிள்ளையின் பெயரோடும் தேதியோடும் அதில் எழுதுகிறோம். வாரம் ஒரு பாடவேளையில் பத்து நிமிடம் அதற்கு. சிலவற்றுக்கு நானே தேடிப் பதில் கொண்டுவருகிறேன். சிலவற்றைப் பிள்ளைகளே செய்து பார்த்துக் கண்டுபிடிக்கிறார்கள். சில அப்படியே இருக்கின்றன. பாடம் ஒன்றும் பின்தங்கவில்லை.

முதல் பக்கத்தில் முதல் கேள்வியாகக் குச்சிக் கேள்வியை எழுதி, அந்தப் பெண்ணின் பெயரைப் போட்டிருக்கிறேன். நீங்களும் நாளை 18 காகிதப் பட்டைகளோடு வகுப்புக்குப் போங்கள். "தெரியலைப்பா, சேர்ந்து பார்க்கலாம்" என்று ஒரு முறையாவது சொல்லிப் பாருங்கள்.