வீட்டுத் தோட்டமும் பாட்டிமாரின் கைப்பக்குவமும்: நாம் காப்பாற்ற வேண்டிய சொத்து

(மாதர் பிரிவுக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், வேலைநாள், கொழுந்து நிறை பற்றி எப்போதும் பேசுகிறோம். இன்றைக்கு ஊறுகாய் பற்றியும் வத்தல் பற்றியும் பேசப் போகிறேன் என்றதும் சில தம்பிமார் சிரித்தார்கள். சிரிக்கட்டும். சங்கக் கூட்டத்தில் ஊறுகாய்க்கு என்ன வேலை என்பது பேசி முடிக்கும்போது விளங்கும்.

நம் லயங்களைச் சுற்றி கோவா, லீக்ஸ், கரட், போஞ்சி, முள்ளங்கி என்று ஏதாவது வளர்க்காத குடும்பம் குறைவு. விளைச்சல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வருகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் விலையும் விழுகிறது. கெப்பட்டிப்பொலையிலும் தம்புள்ளையிலும் விலை இறங்கிவிட்டது என்று லொறிக்காரர் சொன்னால், சொன்ன விலைக்குக் கொடுக்கிறோம். இல்லாவிட்டால் மாட்டுக்குப் போடுகிறோம். இரண்டு மாதம் போனதும் அதே மரக்கறியைக் கடையில் கடனுக்கு வாங்குகிறோம். மலிவாக விற்றவர்களும் நாம்தான், விலை கொடுத்து வாங்குபவர்களும் நாம்தான்.

நம் பாட்டிமார் இப்படி இருக்கவில்லை. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் பக்கமிருந்து வந்தவர்கள் வத்தல், வடகம், ஊறுகாய் போடும் அறிவைக் கையோடு கொண்டு வந்தார்கள். அங்கே அடிக்கிற வெயில் இங்கே இல்லை. அதனால் அடுப்புக்கு மேலே பரண் கட்டி, புகையிலும் சூட்டிலும் காய வைத்தார்கள். விதைச் சோளத்தைக் கதிரோடு கட்டித் தொங்கவிட்டார்கள். அவரை விதையையும் பூசணி விதையையும் சாம்பலில் பிரட்டி வைத்தார்கள். கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கத் தோட்டங்களில் பலா உண்டு. அங்கே பலாக்கொட்டையை மணலில் புதைத்து வைப்பதும், சுளையை இலேசாக அவித்துக் காய வைப்பதும் சிங்களக் கிராமத்து வீடுகளில் பழைய வழக்கம். அக்கம்பக்கத்தில் பழகிய நம்மவர்களும் அதைக் கற்றுக்கொள்ளலாம். சமையலறையில் இனப் பிரச்சினை இல்லை.

இந்த அறிவு வெறும் ருசிக்காக வந்ததில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளில் அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. மரவள்ளிக்கிழங்கும் கீரையும் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டவர்கள் இன்னும் நம் லயங்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 2021இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் கோதுமை மாவின் விலை பல மடங்கானது. ரொட்டியை நம்பி வேலைக்குப் போகும் நமக்கு அந்த வருடம் என்ன பாடு என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மண் சரிந்து பாதை மூடினால் கடைக்கே சாமான் வராது. அப்படியான நாட்களில் வீட்டில் நாலு போத்தல் இருப்பது பெரிய பலம்.

இனிச் செய்முறைக்கு வருகிறேன்.

முதலில் காலம். ஹற்றன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் தை, மாசி, பங்குனிதான் காய வைக்கும் காலம். வைகாசிக்குப் பிறகு மழை விடாது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆனி முதல் ஆவணி வரை வறண்ட காற்று வீசும். அதுதான் அங்கே நல்ல காலம். அந்தந்த ஊர்க் காலத்தைப் பார்த்துச் செய்யுங்கள்.

தேசிக்காய் ஊறுகாய்க்கு ஒரு கிலோ காய் என்றால் 200 கிராம் உப்பு. காயை நான்காகக் கீறி, அடியில் ஒட்டியபடி விட்டு, உள்ளே உப்பைத் திணியுங்கள். மண் சாடியிலோ கண்ணாடிப் போத்தலிலோ போட்டு, தினமும் குலுக்கி நாலு நாள் வையுங்கள். பிறகு பகலில் வெயில், இரவில் திரும்பவும் அதே சாற்றில். தோல் சுருங்கிக் காயும் வரை இப்படியே செய்தால் வருடக் கணக்கில் இருக்கும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். புளிப்பும் உப்பும் அதை அரித்துவிடும்.

மாடு வைத்திருக்கும் வீடுகளில் மோர் மிளகாய் போடலாம். பச்சைக் கொச்சிக்காயைக் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். பகலில் காய வைத்து, இரவில் அதே மோரில் திரும்பப் போடுங்கள். மோர் வற்றும் வரை செய்து, கடைசியில் நன்றாகக் காய வைத்து எடுங்கள்.

கரட், போஞ்சியை மெல்லிசாக வெட்டி, கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்து, சுளகில் பரப்பி, மேலே மெல்லிய துணி மூடிக் காய வையுங்கள். ஒரு துண்டை எடுத்து வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது, பூஞ்சணம் பிடிக்கும். முருங்கை கிடைக்கும் கீழ்த்தோட்டங்களில் இலையை நிழலில் காய வைத்துப் பொடி செய்து, பிள்ளைகளின் சோற்றிலும் ரொட்டி மாவிலும் சேர்க்கலாம். உருளைக்கிழங்கை இருட்டில் வையுங்கள். பச்சை நிறம் ஏறிய கிழங்கைச் சமைக்க வேண்டாம்.

அடுத்தது கவனம். மூன்று விஷயங்களை ஒருபோதும் மறக்கக் கூடாது.

ஒன்று: மருந்து வந்த கேனும் போத்தலும். களைக்கொல்லி, பூச்சிமருந்து வந்த பாத்திரத்தை எத்தனை தடவை கழுவினாலும் அதில் உப்போ, தண்ணீரோ, ஊறுகாயோ போடக் கூடாது. உரப்பையின் மேல் மரக்கறி காய வைக்கவும் கூடாது. மருந்தடித்த மரக்கறியை, லேபலில் போட்டிருக்கும் நாள் கழியும் முன் பறிக்கக் கூடாது.

இரண்டு: போஞ்சி, கரட் போன்றவற்றை வெறும் தண்ணீரில் அவித்து, போத்தலில் காற்றுப் புகாமல் அடைத்து வைக்க வேண்டாம். புளிப்பு இல்லாத இடத்தில் ஒரு கிருமி வளர்ந்து உயிரைக் குடிக்கும் நஞ்சை உண்டாக்கும். மணத்திலும் ருசியிலும் அது தெரியாமல் போகலாம். பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு நாட்கணக்கில் வைப்பதிலும் இதே ஆபத்து உண்டு. அப்படியான மரக்கறியைக் காய வையுங்கள், இல்லாவிட்டால் நல்ல வினாகிரியில் அச்சாறு போடுங்கள்.

மூன்று: உப்பு. ஊறுகாய் தொட்டுக்கொள்ளத்தான், கறிக்குப் பதிலாக இல்லை. பிரஷர் இருக்கும் பெரியவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அளவு பார்த்துக் கொடுங்கள். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் ஏறக்குறைய 32 பேர். அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது கீரை, பருப்பு, முட்டை, பால். வீட்டில் கீரையும் மரக்கறியும் மீந்தால் அதில் மிச்சப்படும் காசு முட்டைக்குப் போகட்டும்.

சரி, இதை அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கொடுப்பது? பாட்டியிடம் கேட்டால் "ஒரு கை உப்பு" என்பார். பாட்டியின் கையை நாம் எங்கே தேடுவது? பிள்ளைகள் கொழும்புக்குக் கடைவேலைக்கும் கார்மென்ட் வேலைக்கும் போய்விடுகிறார்கள். பாட்டி கண் மூடினால் கணக்கும் போய்விடும். ஆகவே ஒரு வேலை செய்யுங்கள். பாட்டி ஒரு கை உப்பு அள்ளும்போது, அதைக் கடையில் கொடுத்து நிறுத்துப் பாருங்கள். படிக்கும் பிள்ளை ஒரு கொப்பியில் எழுதட்டும்: என்ன காய், எவ்வளவு, எந்த மாதம், எத்தனை நாள் வெயில், யார் சொல்லிக் கொடுத்தது. பாட்டியின் பெயரையும் எழுதட்டும். செக்ரோலில் மட்டும் எழுதப்பட்ட பெயர் அது. சொந்தப் பேரப்பிள்ளையின் கொப்பியிலும் இருக்கட்டும்.

இப்போது தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. விடியற்காலையில் எழும்பி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பெரட்டுக்கு ஓடி, பகல் முழுக்க மலை ஏறி வரும் பெண்ணின் தலையில் வத்தல் வேலையையும் சேர்த்து ஏற்ற நான் இங்கே வரவில்லை. காய் வெட்டவும், வெயிலில் பரப்பவும், மழை வந்தால் ஓடிப்போய் எடுக்கவும் ஆண் கைக்கும் தெரியும். ஆண்கள் சேராவிட்டால் இது பெண்களுக்கு இன்னொரு பெரட்டாகத்தான் முடியும்.

கடைசியாக, சங்கத்தின் விஷயம். காய வைக்கக் காய் வேண்டும். காய்க்கு மண் வேண்டும். இன்று நாம் மரக்கறி போடும் துண்டு நிலம் யாருடையது? நாளைக்கு நிர்வாகம் கன்று நட வேண்டும், எடுத்துக்கொள் என்றால், நம்மிடம் காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லை. புதிய வீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச் என்றும் 10 பேர்ச் என்றும் காணி பேசப்படுகிறது. ஒரு பேர்ச் ஏறக்குறைய 25 சதுர மீற்றர். 7 பேர்ச் என்றால் 175 சதுர மீற்றருக்குச் சற்று மேல். அதில் வீடு, கழிவறை, நடைபாதை, அணைக்கட்டு எல்லாம் போனால் மரக்கறிக்கு எத்தனை பாத்தி மிஞ்சும்? வீட்டுப் படம் வரைகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டும்: விறகு அடுப்புக்கு இடம் எங்கே? புகை போக வழி எங்கே? பாத்தி எங்கே?

ஊறுகாய்ப் போத்தல் சம்பள உயர்வுக்கு ஈடாகாது. "வீட்டில் மரக்கறி போடுகிறீர்களே, பிறகு எதற்குச் சம்பளம்?" என்று யாராவது கேட்டால், அந்தப் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். உழைப்புக்குக் கூலி வேறு, வாழ நிலம் வேறு. இரண்டும் நமக்கு வேண்டும்.

ஆகவே அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு மாதர் தலைவியும் இரண்டு சாமான் கொண்டு வாருங்கள். ஒன்று, தன் டிவிஷனில் ஒரு பாட்டியிடம் கேட்டு எழுதிய ஒரு செய்முறை. மற்றது, எத்தனை குடும்பம் மரக்கறி போடுகிறது, எவ்வளவு நிலத்தில், எத்தனை வருடமாக என்ற கணக்கு. செய்முறையை நம் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். கணக்கைக் காணிப் பேச்சுவார்த்தை மேசையில் வைப்போம்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!