சிறு கம்பனியும் ஊர்ச் சபையும்

(சங்க மண்டபத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



புதிய பொறிகளைச் செய்து விற்கும் ஒரு சிறு கம்பனி மக்களோடு எவ்வாறு உறவு கொள்ளுதல் வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். பொருட்காட்சியில் ஒரு மேசை. அதன்மேற் சில துண்டுப் பிரசுரங்கள். அருகே புன்முறுவலுடன் ஒருவர். உறவென்பது இவ்வளவே எனப் பலர் எண்ணுகின்றனர். அது போதாது என்பது என் கட்சி. இதற்குச் சான்றாக, அரை நூற்றாண்டுக்கு முன் அமெரிக்காவில் நிகழ்ந்த வரலாறொன்றை உங்கள் முன் வைக்கின்றேன்.

நியூ மெக்சிக்கோ மாநிலத்து அல்புகேர்க்கி நகரில் மிட்ஸ் என்றொரு சிறு கம்பனி இருந்தது. எட் றொபேட்ஸ் என்பவர் அதன் தலைவர். கையடக்கமான கணக்கிடும் கருவிகளை விற்றுவந்த அக்கம்பனி, பெரிய கம்பனிகள் விலையைக் குறைத்தமையால், 1974 ஆம் ஆண்டிற் கடனில் மூழ்கியது. மூழ்குபவன் பற்றிய கட்டையாக அது செய்ததே அல்டெயர் 8800 என்னும் கணினி. 1975 ஜனவரியில் ஒரு சஞ்சிகையின் அட்டையில் அதன் படம் வெளிவந்தது. விலை 400 டொலருக்கும் குறைவு. உறுப்புகளை வாங்குவோரே ஈயம் பற்றவைத்துப் பூட்டிக்கொள்ளல் வேண்டும். அதற்குத் திரையுமில்லை, எழுத்துப் பலகையுமில்லை. முகப்பில் ஆளிகளும் சிறு விளக்குகளும் மாத்திரமே. நினைவகமோ 256 பைட். எனினும், கணினியைத் தம் வீட்டில் வைத்திருக்கலாம் என்ற ஆசையால் ஆயிரக்கணக்கானோர் பணம் அனுப்பினர்.

வாங்கிய பொறியை என்ன செய்வது? தனியே இருந்தவர்க்கு விடை கிடைக்கவில்லை. ஆகவே அவர்கள் கூடினார்கள். 1975 மார்ச் 5 ஆந் திகதி, கலிபோர்னியாவின் மென்லோ பார்க் என்ற ஊரில், கோர்டன் பிரெஞ்ச் என்பவரின் வீட்டு மோட்டார்க் கொட்டகையில் ஏறக்குறைய முப்பது பேர் கூடினர். பிரெட் மூர் என்பவரும் அவரும் அழைத்த அக்கூட்டமே பின்னர் ஹோம்புரூ கணினிக் கழகம் எனப் பெயர் பெற்றது. கூட்டம் பெருகவே, ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு நிலையமொன்றின் மண்டபத்திற்கு அது மாறியது.

அக்கழகம் நடந்த முறையை நம் சங்கத்தவர் கவனித்தல் நன்று. லீ பெல்சென்ஸ்டைன் என்ற பொறியியலாளர் கூட்டத்தை நடத்துவார். முதலில் ஒவ்வொருவரும் எழுந்து, தம்மிடம் என்ன உண்டு, தமக்கு என்ன வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்வர். அதன்பின் ஆசனங்களை விட்டெழுந்து, வேண்டியவர் உள்ளவரைத் தேடிச் சென்று பேசுவர். உறுப்புகள் கைமாறும், வரைபடங்கள் கைமாறும், முறைப்பாடுகளும் வெளிவரும். கம்பனி நடத்துவோரும் அங்கே மற்றவரோடு ஒருவராகவே நின்றனர்.

இதனால் விளைந்த பயன் யாது? மிட்ஸ் கம்பனி விற்ற நினைவகப் பலகைகள் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்ற குறை எங்கும் கேட்டது. கழகத்தைச் சேர்ந்த பொப் மார்ஷ் என்பவர் அக்குறையைக் காதிற் போட்டுக்கொண்டார். புரொசெசர் டெக்னோலொஜி என்ற சிறு கம்பனியைத் தொடங்கி, ஒழுங்காக வேலை செய்யும் நினைவகப் பலகையைச் செய்து விற்றார். ஒருவருக்கு முறைப்பாடாகத் தோன்றியது மற்றொருவருக்கு முதலாயிற்று!

மிட்ஸ் கம்பனியும் மக்களை நாடாமல் இருக்கவில்லை. ஒரு வண்டியிற் பொறியை ஏற்றி ஊரூராகக் கொண்டுசென்று விடுதிகளிற் காட்டியது. 1975 ஜூன் மாதத்தில் பாலோ ஆல்டோ நகர விடுதியொன்றுக்கு அவ்வண்டி வந்தது. பில் கேட்ஸ், போல் அலன் முதலியோர் எழுதிய பேசிக் என்னும் மென்பொருள் அங்கே இயங்கிக் காட்டப்பட்டது. அது துளையிட்ட காகித நாடாவிற் பதிக்கப்பட்டிருந்தது. அந்நாடாக்களில் ஒன்று மறைந்தது! சில நாட்களில் அதன் பிரதிகள் கழகக் கூட்டத்திற் பலர் கைக்கும் போய்ச் சேர்ந்தன. 1976 பெப்ரவரியில் பில் கேட்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். உங்களிற் பெரும்பாலோர் எங்கள் உழைப்பைத் திருடுகின்றீர்கள். எமக்குக் கிடைத்த ஊதியம் மணிக்கு இரண்டு டொலரும் தேறாது என்பது அதன் சாரம்.

இவ்வழக்கில் யார் பக்கம் நியாயம்? பணத்தை முன்கூட்டியே வாங்கி, பொருளைத் தாமதித்து அனுப்பி, பழுதான பலகையோடு சேர்த்து வாங்கினாற்றான் மென்பொருள் மலிவு என்று விதித்த கம்பனி, வண்டியில் ஊருக்கு வந்தும் ஊரின் குரலைக் கேட்கவில்லை. அது அதன் பிழை. ஆயினும் பிறர் இராப்பகலாக எழுதியதை விலை கொடாது எடுத்தது நியாயமாகுமா? ஆகாது. வணிகனிடத்துக் குறையுண்டு என்பது வாங்குவோனுக்குத் திருட்டுரிமை தராது. உறவு என்னும் கயிற்றுக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனையை மாத்திரம் பிடித்து அதனை இழுத்து நிறுத்த முடியாது.

இதற்கு மாறான காட்சியும் அக்கழகத்திலேயே உண்டு. ஹியூலெட் பக்கார்ட் கம்பனியில் வேலைபார்த்த ஸ்டீவ் வொஸ்னியாக் என்ற இளைஞர், தாம் வகுத்த கணினியின் வரைபடத்தைப் பிரதி செய்து கூட்டத்தில் இலவசமாக வழங்கினார். கேட்டவர்க்கு உதவியுஞ் செய்தார். வரைபடத்தைப் பெற்றும் பூட்டி முடிக்கப் பலருக்கு நேரமில்லை என்பதைக் கண்ட அவர் நண்பர் ஸ்டீவ் ஜொப்ஸ், அச்சிட்ட சுற்றுப் பலகைகளாக விற்கலாமே என்றார். 1976 ஏப்ரல் முதலாந் திகதி ஆப்பிள் கம்பனி தோன்றியது. கழகத்திற்கு வந்துபோன கடைக்காரர் போல் டெரெல், பூட்டிய பலகைகளாக 50 வேண்டும் என்று கேட்டார். அதுவே அவர்களது முதற் பெரு வியாபாரம். இலவசமாகக் கொடுத்தமையால் அவர் கெட்டாரல்லர். தமக்கு என்ன வேண்டும் என்பதை மக்கள் அவருக்குச் சொல்லிக் கொடுத்தனர்.

மிட்ஸ் கம்பனி 1977 இல் வேறொரு கம்பனிக்கு விற்கப்பட்டது. கழகமும் 1986 இல் முடிவெய்தியது. ஆனால் வீட்டுக்கொரு கணினி என்ற எண்ணம் உலகெங்கும் பரந்துவிட்டது.

வாலிப நண்பர்களே, கணினித் துறையிற் படிக்கும் நம்மவரிற் சிலர் நாளை சிறு கம்பனிகள் தொடங்கக் கூடும். விழாவிலோ பொருட்காட்சியிலோ மேசை போடுங்கால், பிரசுரத்தோடு ஒரு வெற்றுக் கொப்பியையும் வையுங்கள். வருவோரின் குறைகளை அதில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே மேசைக்கு வந்து, எதனைத் திருத்தினோம் என்று சொல்லுங்கள். வாங்கும் இடத்தில் இருக்கும்போது, பிறர் உழைத்த மென்பொருளைப் பிரதி செய்வது சாமர்த்தியம் என்று பெருமை பேசாதிருங்கள். இன்று அயலவன் உழைப்புக்கு விலை கொடாத ஊர், நாளை தன் பிள்ளையின் உழைப்புக்கும் விலை கொடாது.

பெரியோர்களே, உங்களிடம் நான் கேட்பது பணமன்று. மாதத்தில் ஒரு மாலை இம்மண்டபத்தின் கதவைத் திறந்து வையுங்கள். கழற்றிய பொறிகளோடும் முற்றுப்பெறாத முயற்சிகளோடும் பிள்ளைகள் வரட்டும். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் எழுந்து சொல்லுங்கள். ஒரு மோட்டார்க் கொட்டகை செய்ததை ஒரு சங்க மண்டபம் செய்ய மாட்டாதா?